ஏரியில் இழுவைத் தூண்டில்: எஞ்சின் பிடியிலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த யாருக்கும் தூண்டில் புதிதல்ல. செம்பனைக்கு நடுவே ஓடும் வாய்க்காலில் மண்புழுவைக் கோத்துக் கெளுத்தி பிடித்திருப்பார்கள். கைவிடப்பட்ட ஈயக் குட்டையில் சிறு தவளையைக் கட்டி விரால் தூக்கியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் நம்பி செண்டெரோ ஏரிக்கோ தெமெங்கோர் ஏரிக்கோ போய் வாடகைப் படகில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். குட்டையில் மீன் எந்த மூலையில் கிடக்கும் என்று தெரியும், காத்திருந்தால் போதும். ஏரியில் மீனைத் தேடிப் போக வேண்டும்.

தேடிப் போகும் வழிகளில் புதியவருக்கு ஏற்றது டிரோலிங் எனப்படும் இழுவைத் தூண்டில். படகு மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். இருபது முப்பது மீட்டர் பின்னால், மீன்குஞ்சு வடிவில் செய்த போலி இரை தலையை ஆட்டிக்கொண்டு நீந்திவரும். சோம்பேறிகளின் வேலை என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. கம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் இந்த முறையில் மீனைப் பிடிப்பவர் அவரல்லர். படகின் பின்பக்கம் உட்கார்ந்து எஞ்சின் பிடியைப் பிடித்திருப்பவர். இரை எந்த ஓரமாக, எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. ஆகவே இங்கே கம்பையும் ரீலையும்விடப் படகைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எந்த ஏரி, என்ன மீன்

நமக்குப் பக்கத்தில் இருப்பது செண்டெரோ. கோலகங்சார் வழியாகப் போகலாம். 1930இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கம் அது. லெங்கோங் பக்கம் ரபான் ஏரி என்று அழைக்கப்படுவதும் அதே நீரின் ஒரு பகுதிதான். பேராக் ஆற்றில் மேலிருந்து கீழாகத் தெமெங்கோர், பெர்சியா, கெனரிங், செண்டெரோ என்று நான்கு அணைகள் வரிசையாக இருக்கின்றன. மேலே மின்சாரத்துக்காக நீர் திறந்துவிட்டால் கீழே மட்டம் மாறும். காலையில் படகு எளிதாகக் கடந்த திட்டில் மாலையில் எஞ்சினின் விசிறி தட்டலாம். கரையில் நீர்க்கோடு எங்கே இருக்கிறது என்று ஏறும்போதே ஒரு கல்லையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அணைக் கட்டடத்தின் பக்கமும் எச்சரிக்கை மிதவைகள் கட்டியிருக்கும் எல்லைக்குள்ளும் போகவே கூடாது.

தெமெங்கோர் பெரிய ஏரி. கிரிக் தாண்டி, கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பண்டிங் தீவுப் படகுத்துறையிலிருந்து கிளம்ப வேண்டும். நீருக்கடியில் மூழ்கிய காடு அப்படியே நிற்கிறது. மீனுக்கு வீடு, நம் இரைக்குச் சுடுகாடு. ஏரியின் வடபகுதி 2007இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட அரச பெலும் மாநிலப் பூங்காவுக்குள் வருகிறது. அங்கே நுழையப் பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். படகுக்காரர்கள் வழக்கமாக முன்கூட்டியே எடுத்துத் தருவார்கள். திரும்பும் பயணத்தை இருட்டுவதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். அந்த நெடுஞ்சாலையில் காட்டு யானைகள் குறுக்கே வரும். இரவில் வளைவில் திடீரென்று எதிர்ப்படும் யானையோடு காருக்கு எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது.

பிடிபடக்கூடிய மீன்களில் இரண்டைப் பற்றித் தெரிந்துகொண்டால் தொடங்கிவிடலாம். முதலாவது தோமான். நம் விராலுக்கு அண்ணன், ஒரு மீட்டருக்கு மேலும் வளரும், பற்கள் கூர்மையானவை. விராலைப் போலவே காற்றைச் சுவாசிக்க அவ்வப்போது மேலே வந்து போகும். அப்படி வாய் திறந்து மூடும் சத்தமும் வளையமும் எங்கே தெரிகின்றன என்று பார்த்து வைப்பது பாதி வேலை. இரண்டாவது செபாராவ். வெள்ளி உடம்பில் நடுவே கறுப்புப் பட்டை ஓடும் வேட்டைக் கெண்டை. ஓடை வந்து விழும் இடம், பாறைச் சரிவு, நீரோட்டம் இருக்கும் முனை ஆகியவை அதற்குப் பிடிக்கும். உருவத்தில் தோமானைவிடச் சிறியது. ஆனால் இரையைக் கவ்வும் வேகத்தில் கம்பு கையைவிட்டுப் போய்விடும்.

நீர்ப்பரப்பில் சிவப்பாக, குமிழ்குமிழாக ஒரு தோமான் குஞ்சுக் கூட்டம் மேலெழுந்து மறைவதைக் கண்டால், அடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கின்றன என்று பொருள். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் தோமான் ஆத்திரத்தில் தாக்கும் என்பதால் சிலர் இதைத்தான் தேடி அலைகிறார்கள். பெற்றோரைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். என் படகில் ஏறுகிறவர்களுக்கு அதற்கு அனுமதி இல்லை.

கருவிகள்: பணத்தை எங்கே போடுவது

கடையில் நுழைந்ததும் கண்ணாடி அலமாரியில் இருப்பவற்றைப் பார்க்காதீர்கள். இழுவைத் தூண்டிலுக்கு வெகுதூரம் வீச வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே இலேசான, விலையுயர்ந்த கம்பு தேவையில்லை. ஆறரை அடி நீளம், 10 முதல் 20 பவுண்டு என்று எழுதியிருக்கும் கம்பு ஒன்று போதும். நுனி கொஞ்சம் மென்மையாக வளைய வேண்டும். நுனி விறைப்பாக இருந்தால் இரையின் துடிப்பு கண்ணுக்குத் தெரியாது; மீன் கவ்வியதும் வாய் கிழிந்து நழுவிவிடும்.

ரீல், புதியவருக்கு 3000 அல்லது 4000 எண்ணுள்ள சாதாரணச் சுழல் ரீல். அதில் 30 பவுண்டு பின்னல் நூலை, விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிற்கும்வரை இறுக்கமாகச் சுற்றுங்கள். பழைய தங்கூசி (ஒற்றை இழை நைலான் நூல்) மீந்திருந்தால் அதை அடியில் கொஞ்சம் சுற்றிவிட்டு, அதன்மேல் பின்னல் நூலைச் சுற்றலாம். வழவழப்பான உருளையில் பின்னல் நூலை நேரே சுற்றினால் அது முழுசாக வழுக்கிச் சுழலும். நூலின் முனையில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் 50 பவுண்டு தடித்த தங்கூசியை லீடராக இணைத்துவிட வேண்டும். தோமானின் பல்லும் மூழ்கிய மரப்பட்டையும் பின்னல் நூலை நொடியில் அறுத்துவிடும்.

சுற்றும்போதே இன்னொரு காரியம் செய்துவிடுங்கள். வீட்டு வாசலில் 10 மீட்டருக்கு ஒரு முறை நூலில் ஒரு விரல்கடை அளவுக்கு அழியாத மையால் கறுப்படித்துக்கொள்ளுங்கள். 20இல் இரண்டு கோடு, 30இல் மூன்று கோடு. ஏரியில் எவ்வளவு நூல் விட்டிருக்கிறீர்கள் என்பது தெரியாவிட்டால், மீன் கடித்த ஆழத்துக்கு மறுபடியும் இரையை அனுப்ப முடியாது. எண்ணிக் காட்டும் ரீல்கள் விற்கிறார்கள். மைப்பேனா மூன்று ரிங்கிட்.

போலி இரைகளை டஜன் கணக்கில் வாங்க வேண்டாம். வாயில் பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மிதக்கும் வகையில் மூன்றே மூன்று போதும்: நாக்கு சிறியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, பெரியது ஒன்று. நாக்கு பெரிதானால் இரை ஆழமாக முக்குளிக்கும். பெட்டியில் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அதை உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள். நூல் மெல்லிதானால் இன்னும் கீழே போகும், தடித்தால் மேலே நிற்கும். நிறத்தைப் பற்றி நடக்கும் வாக்குவாதங்களுக்கு முடிவே கிடையாது. கலங்கல் நீருக்குப் பளிச்சென்ற நிறம், தெளிந்த நீருக்கு வெள்ளி அல்லது பழுப்பு என்று வைத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். செபாராவுக்கென்று பளபளக்கும் கரண்டி இரை ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். அது சுழன்று நூலை முறுக்கும் என்பதால் அதற்கு மட்டும் சுழலி கட்டாயம்.

மிச்சப் பணத்தை மூன்று பொருள்களில் போடுங்கள்: நீள்மூக்குக் குறடு, வாய் அகன்ற கைவலை, உடம்புக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி. அங்கியை உட்காரும் பலகைக்கு மெத்தையாக்கிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். நீச்சல் தெரிந்தவரும் மூழ்கிய மரத்தில் தலை இடித்தால் மயங்கித்தான் போவார்.

ரீலின் டிராக், அதாவது மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிடி, எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைக் கையால் இழுத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பழைய சாமான் வாங்குபவர் வைத்திருக்கும் கொக்கித் தராசு ஒன்றை நூல் முனையில் மாட்டுங்கள். கம்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். முள் மூன்று கிலோவைத் தொடும்போது ரீல் நூலை விடத் தொடங்க வேண்டும். நூலின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு அது. ஓடும் படகில் மீன் அடிக்கும்போது எஞ்சினின் இழுப்பும் சேர்ந்துகொள்கிறது என்பதால் இதற்கு மேல் இறுக்க வேண்டாம்.

முதல் ஒரு மணி நேரம்: இரையைப் போடாமல்

சொந்தப் படகு வாங்குவதற்கு முன் சில தடவை வாடகைப் படகில் போங்கள். படகோட்டும் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) எங்கே வேகத்தைக் குறைக்கிறார், எந்த முனையைச் சுற்றி வளைக்கிறார் என்று கவனியுங்கள். கேட்டால் பெரும்பாலும் சிரிப்பார். பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

பன்னிரண்டு, பதினான்கு அடி அலுமினியப் படகும் பின்னால் மாட்டும் 15 குதிரைத்திறன் எஞ்சினும் இரண்டு பேருக்குத் தாராளம். எஞ்சின் அணைப்புக் கயிற்றை மணிக்கட்டிலோ அங்கியிலோ மாட்டாமல் விசையை இழுக்கக் கூடாது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி அவர்மீதே வரும்.

கிளம்பியதும் ஆழம் பாருங்கள். மீன்காட்டும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முனையில் கனமான ஈயக் குண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். கரையைப் பார்த்தாலே ஓரளவு புரியும். மேலே மலை செங்குத்தாக இறங்கினால் நீருக்கடியிலும் அப்படியே இறங்கும். மேலே சமமான புல்வெளி என்றால் அடியிலும் வெகுதூரத்துக்கு ஆழமில்லை. நமக்கு வேண்டியது இந்த இரண்டும் சந்திக்கும் கோடு. ஆழம் இரண்டு மீட்டரிலிருந்து சட்டென்று ஐந்து ஆறுக்கு விழும் அந்த ஓரத்தில்தான் தோமான் ரோந்து போகும். கைபேசியின் வரைபடத்தில் அந்தக் கோட்டை ஓட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். கைபேசி நீர்புகா உறைக்குள் இருக்கட்டும்.

இழுக்கத் தொடங்குவது

வேகம் ஆள் விறுவிறுப்பாக நடக்கும் வேகம். மணிக்கு நான்கு முதல் ஐந்து கிலோமீட்டர். கைபேசியே காட்டும். இவ்வளவு மெதுவாக எஞ்சின் ஓட மறுத்தால், கைப்பிடி உள்ள வாளி ஒன்றைக் கயிற்றில் கட்டிப் படகின் முன்பகுதியிலிருந்து பக்கவாட்டில் இழுக்க விடுங்கள், படகு அடங்கும். கயிறு விசிறியை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும்.

இரையைப் பின்னால் விடுவதற்கு முன் படகோரத்தில் நீரில் பிடித்துப் பாருங்கள். நேராக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஆட வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் மூக்கிலிருக்கும் கம்பிக் கண் வளைந்திருக்கிறது. இரையின் முகத்தை உங்களை நோக்கிப் பிடித்துக்கொண்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் குறடால் மயிரிழை வளைத்து, மறுபடியும் நீரில் விட்டுப் பாருங்கள். கோணலாக ஓடும் இரையை நாள் முழுக்க இழுத்துவிட்டு ஏரியில் மீனே இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு ரீலைத் திறந்து, விரலால் நூலைத் தடவிக்கொண்டே மெல்ல விடுங்கள். இருபது மீட்டரில் நிறுத்துங்கள். இப்போது கம்பின் நுனியைப் பாருங்கள். நடுத்தர நாக்குள்ள இரை சரியாக நீந்தினால் நுனி சின்னச் சின்னதாக, ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். கண்ணை எடுக்கக் கூடாதது அந்தத் துடிப்பிலிருந்துதான். துடிப்பு மந்தமானால் இலையோ பாசியோ மாட்டியிருக்கிறது. அந்த இரையை எந்த மீனும் தொடாது, உடனே சுற்றி எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். துடிப்பு டக் டக்கென்று தடுமாறினால் நாக்கு தரையைத் தட்டுகிறது. இது நல்ல செய்தி; அவ்வப்போது அப்படித் தட்டிச் சேற்றைக் கிளப்பும் இரையைத்தான் தோமான் துரத்தும். தொடர்ந்து தட்டினால் நூலை ஐந்து மீட்டர் சுற்றிக்கொள்ளுங்கள், அல்லது படகை ஆழத்தின் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். ஒரு முறையும் தட்டவேயில்லை என்றால் நூலை இன்னும் விடுங்கள், அல்லது பெரிய நாக்குக்கு மாறுங்கள். முதல் நாள் இந்தச் சரிபார்ப்பிலேயே போய்விடும். போகட்டும்.

ஆரம்பத்தில் இரண்டு கம்புக்கு மேல் வேண்டாம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. படகுக்குச் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நூலின் நீளத்தில் ஐந்து, ஆறு மீட்டர் வித்தியாசம் வைத்தால் சிக்காது.

நேர்க்கோட்டில் மட்டும் போகாதீர்கள். பாம்பு நெளிவது போல மெதுவாக இடமும் வலமும் வளைந்து போங்கள். வளைவின் உட்பக்க இரை வேகம் குறைந்து மேலே மிதக்கும். வெளிப்பக்க இரை வேகமெடுத்து ஆழத்தில் பாயும். இந்த மாற்றமே சோம்பிக் கிடக்கும் மீனைக் கிளப்பிவிடுகிறது. கூடவே உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்கிறது: வெளிப்பக்கக் கம்பில் மீன் அடித்தால் அன்றைக்கு வேகத்தைக் கூட்டுங்கள், உட்பக்கத்தில் அடித்தால் குறையுங்கள். திருப்பத்தைப் பெரிய வட்டமாக எடுக்க வேண்டும். சட்டென்று திருப்பினால் இரண்டு நூலும் பின்னிக்கொண்டு விசிறியில் போய்ச் சுற்றும்.

ஒரே ஓரத்தில் ஒரு முறை போய் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் எதிர்த் திசையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். மீன் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறதோ அதற்கேற்ப இரை கண்ணில் படும். அதற்கு மேலும் அங்கேயே உழுதுகொண்டிருக்க வேண்டாம். ஓடைவாய், முனை, மூழ்கிய மரவரிசையின் வெளியோரம் என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். விடிந்த முதல் இரண்டு மணி நேரமும் மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் நல்ல நேரங்கள். ஆண்டிறுதி மழையில் ஏரி நிரம்பிக் கரைப்புல் மூழ்கும்போது மீன் அந்தப் புல்லுக்குள் புகுந்துகொள்ளும். அப்போது இழுவையைவிட வீசிப் பிடிப்பதே பலன் தரும்.

சிக்கினால், அடித்தால்

இரை மரத்தில் மாட்டிக்கொண்டால் கோபத்தில் இழுக்காதீர்கள். முள் இன்னும் உள்ளே இறங்கும். எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து நூலைத் தளரவிடுங்கள். மிதக்கும் இரை பல சமயம் தானாகவே பின்வாங்கி மேலே வந்துவிடும். வராவிட்டால் நூலைச் சுற்றியபடியே படகை மாட்டிய இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய் எதிர்ப்பக்கமிருந்து இழுங்கள். அதற்கும் மசியாவிட்டால் எஞ்சினிலிருந்து கழற்றிய பழைய ஸ்பார்க் பிளக்கை எடுங்கள். அதை ஒரு ஸ்னாப்பில் (திறந்து மூடும் சிறு கொக்கி) கோத்து நூலில் மாட்டி, நூலை நேர்மேலே இறுக்கிப் பிடித்து வழுக்கவிடுங்கள். அது போய் இரையின் மூக்கில் இடிக்கும்; நூலைத் தளர்த்தித் தளர்த்தி மறுபடியும் இடிக்க வையுங்கள். முள் கழன்றுவிடும். பட்டறையில் தூக்கியெறியும் பிளக்குகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் அடித்ததும் எல்லாரும் செய்வது எஞ்சினைப் பட்டென்று அணைப்பது. நூல் தளர்ந்து, மீன் தலையை உதறி, இரை பறந்து வந்துவிடும். படகு அதே வேகத்தில் மூன்று நான்கு நொடி போகட்டும். முள் ஆழமாக இறங்கும். பிறகு வேகத்தைக் குறைத்து நியூட்ரல். அடுத்தவர் உடனே தன் நூலைச் சுற்றி எடுத்துவிட வேண்டும். வேடிக்கை பார்க்கக் கூடாது. செபாராவ் நேரே மரத்துக்குள் ஓடும் என்பதால், மர ஓரமாக இருந்தால் படகின் மூக்கை ஆழத்தின் பக்கம் திருப்பி மீனை வெளியே நடத்திவர வேண்டியது ஓட்டுபவரின் வேலை. தோமான் கடைசியில் படகுக்கடியில் பாயும். அப்போது கம்பின் நுனியை நீருக்குள் இறக்கிப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். விசிறி சுழலாமல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வலையை நீருக்குள் அசையாமல் வைத்து, மீனைத் தலை முதலாக அதற்குள் இழுங்கள். வாலின் பக்கமிருந்து கோரினால் முன்னால் பாய்ந்து போய்விடும். முள்ளை விரலால் எடுக்கவே கூடாது, குறடுதான். இரையில் தொங்கும் மும்முள் கொக்கிகளின் எதிர்முனைகளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. முள் உங்கள் கையிலேயே ஆழமாக ஏறிவிட்டால் பிடுங்க முயலாமல், இரையை முள்ளிலிருந்து கழற்றிவிட்டு நேரே கிளினிக்குக்குப் போங்கள். காலில் கையில் திறந்த புண் இருந்தால் நீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் நீர் வழியாகவும் வரும்.

வீட்டுக்கு ஒன்று போதும். இரண்டு மூன்று கிலோ தோமான் கறிக்கு நன்றாக இருக்கும். அதைவிடப் பெரியதை விட்டுவிடுவதே என் வழக்கம். வெடி, விஷம், மின்சாரம் வைத்து மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். பேட்டரியும் கம்பியுமாக யாராவது கூப்பிட்டால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

பிற்பகலில் மேகம் கறுத்தால் கம்புகளை மடக்கிக் கீழே வைத்துவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். திறந்த ஏரியில் உயரமாக நீட்டிக்கொண்டிருப்பது நீங்களும் அதுவும்தான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை ஏறக்குறைய அன்றாட வழக்கம். கரையேறிய பிறகு தனியாக நிற்கும் மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

படகும் எஞ்சினும்: வீட்டு வாசல் வேலை

ஏரி நடுவில் எஞ்சின் நின்றுபோவதற்கான காரணம் பெரும்பாலும் ஏரியில் உண்டாவதில்லை. போன வாரம் வீட்டில் செய்யாமல் விட்ட வேலைதான் அங்கே வந்து நிற்கிறது.

முதலில் குளிர்நீர். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டில் மெல்லிய தாரையாக நீர் பீய்ச்சும். கிளம்பியதும் அதைப் பாருங்கள். போகும் வழியிலும் அவ்வப்போது திரும்பிப் பாருங்கள். தாரை மெலிந்தால் துளையில் மண்ணோ பாசியோ அடைத்திருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். அதற்கும் வராவிட்டால் உள்ளே நீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்திருக்கின்றன. விலை குறைந்த உதிரிப் பாகம்; கெட்டுப்போகும்வரை காத்திராமல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். வீட்டில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது மேல்பாதியை அறுத்த நீலப் பீப்பாயில் நீர் நிரப்பி, கால்பகுதி மூழ்கும்படி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நீரில்லாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே அந்த ரப்பர் கருகிவிடும்.

எண்ணெயும் பெட்ரோலும் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் வழக்கமான கலவை 50க்கு 1. லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டர் தொட்டிக்கு அரை லிட்டர். உங்கள் எஞ்சினின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. புது எஞ்சினுக்கு ஆரம்ப மணி நேரங்களில் எண்ணெய் கூடுதலாக வேண்டும். மோட்டார்சைக்கிள் எண்ணெயை ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். படகு எஞ்சினுக்கென்றே டிசி-டபிள்யூ3 என்று குறித்த எண்ணெய் விற்கிறது. ரோன்95 பெட்ரோல் கட்டுப்பாட்டுப் பொருள் என்பதால் தனித் தொட்டியில் வாங்குவதற்கு விதிமுறை உண்டு. பெட்ரோல் நிலையத்தில் முதலிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்து விசிறி. ஏரியில் மிதக்கும் அறுந்த நூலெல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சுற்றிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. மாதம் ஒரு முறையாவது மறையைப் பூட்டியிருக்கும் ஊசியை எடுத்து, மறையைக் கழற்றி, விசிறியை உருவிப் பாருங்கள். தண்டின் அடியில் பின்னல் நூல் மெல்லிய வளையமாக இறுகியிருக்கும். அது அங்கே இருக்கும் எண்ணெய்த் தடுப்பு வளையத்தை அறுத்துவிடும். பிறகு கியர்ப் பெட்டிக்குள் நீர் நுழையும். நூலைக் கத்தியால் கீறி எடுத்து, தண்டில் கிரீஸ் தடவி, புது ஊசி போட்டு மாட்டுங்கள்.

நீர் நுழைந்துவிட்டதா என்பதை கியர் எண்ணெய் சொல்லிவிடும். எஞ்சினின் கால்பகுதியில் கீழே ஒரு திருகு, மேலே ஒரு திருகு இருக்கும். கீழ்த்திருகைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். தெளிவாகவோ கறுப்பாகவோ இருந்தால் கவலையில்லை. தேத்தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது, பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை இந்த எண்ணெயை மாற்ற வேண்டும். இரண்டு திருகையும் கழற்றி வடியவிட்டு, புதிய எண்ணெயைக் கீழ்த் துளையிலிருந்து மேல்நோக்கி ஏற்றுங்கள். மேல் துளையில் குமிழி நின்று எண்ணெய் வழியும்போது மேல்திருகை முதலில் மூடிவிட்டுக் கீழ்த்திருகை மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று அடைத்துக்கொள்ளும். திருகின் வளையங்களையும் புதிதாகப் போடுங்கள். காசு கணக்கில்தான் விலை.

படகின் உடம்பு. அலுமினியப் படகு எங்கேயோ கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் அதைக் கவிழ்த்துப் போட்டுத் தேடாதீர்கள். இரண்டு கட்டைமேல் நிமிர்த்தி வைத்து, அடி அடைப்பானை மூடி, உள்ளே கணுக்கால் அளவுக்கு நீர் ஊற்றுங்கள். அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். தளர்ந்த ரிவெட்டின் தலையைச் சுற்றி முதலில் ஈர வளையமும் பிறகு ஒரு சொட்டும் உருவாகும். சாக்குக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டு, காய்ந்த பிறகு உள்ளே ஒருவர் கனமான இரும்பை அண்டக்கொடுக்க, வெளியே ஒருவர் சுத்தியலால் தட்டி இறுக்கலாம். அதிலும் நிற்காவிட்டால் கடல்நீருக்கான பசையைப் பூசுங்கள். முழுக்க நீர் நிரப்பிவிடாதீர்கள். அந்த எடைக்குப் படகு வளைந்துவிடும்.

ஃபைபர் படகு வாங்குபவர் எஞ்சின் மாட்டும் பின்பலகையைத் திருப்புளியின் பிடியால் வரிசையாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஓசை நடுவில் ஓரிடத்தில் மந்தமானால் உள்ளே இருக்கும் மரம் உளுத்திருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ட்ரெய்லரில் இழுத்துப் போகிறவர்கள் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்ததும் உடனே நீரில் இறக்கக் கூடாது. வழியெல்லாம் ஓடிச் சூடாகியிருக்கும் சக்கரத்தின் குடம் குளிர்ந்த நீரில் பட்டதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சில பயணங்களில் பேரிங் துருப்பிடித்து நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்றுவிடும். கைவைத்துப் பார்த்து, சூடு ஆறும்வரை சாமான்களைப் படகில் ஏற்றுங்கள், அடி அடைப்பான் மூடியிருக்கிறதா என்று பாருங்கள், ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) குடியுங்கள்.

திரும்பி வந்த அன்றைக்கே, களைப்பாக இருந்தாலும், அடைப்பானைத் திறந்து முன்பகுதியைத் தூக்கி வைத்துப் படகைக் கழுவிவிடுங்கள். சேறும் இலையும் காய்ந்தால் வடியும் துளையை அடைக்கும். தேங்கும் நீரில் கொசு முட்டையிடும். பக்கத்து வீட்டில் டெங்கி வந்தால் சுகாதார அதிகாரிகள் முதலில் பார்ப்பது உங்கள் படகைத்தான். இரண்டு வாரத்துக்கு மேல் ஏரிக்குப் போகப்போவதில்லை என்றால், பீப்பாயில் எஞ்சினை ஓடவிட்டு எரிபொருள் குழாயைக் கழற்றிவிடுங்கள். கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கட்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, மாற்றுப் பிளக் இரண்டும் அதற்கான ஸ்பானரும் படகுப் பெட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மின்மோட்டார் வைத்திருப்பவர்கள் அதன் ஈய-அமில பேட்டரியை அன்றிரவே சார்ஜில் போட வேண்டும். பாதிக்கும் கீழே வடிந்த நிலையில் கிடந்தால் சில மாதங்களில் செத்துவிடும். ரீலின் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இரைகளை ஈரத்தோடு பெட்டியில் மூடாமல் வாசல் கம்பியில் தொங்கவிட்டுக் காயவையுங்கள், பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில்.